குமிழி இல்லாமல்

நாற்பது மில்லி பிடிக்கும் பழுப்புக் கண்ணாடிக் குப்பி.
உள்ளே முன்பே இரண்டு சொட்டு அமிலம்.
குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு,
பிறகு நூலாக ஒழுகவைத்து,
குப்பியின் வாயில் நீர் புடைத்து நிற்கும்வரை பிடிக்கிறேன்.
மூடி, தலைகீழாக்கி, விரலால் தட்டினால்
கடுகளவு ஒரு குமிழி மேலேறுகிறது.
இது செல்லாது.
அடுத்த குப்பி.

ஏன் என்று கேட்கிறார் எய்னர் ரவ்ன்கில்டெ.
நாங்கள் தேடுவது தப்பியோடுகிற பொருள்,
கடுகளவு காற்று கிடைத்தால் போதும்,
அதில் ஏறிப் போய்விடும் என்கிறேன்.
தெரியும் என்கிறார்.
முப்பத்தொரு வருடம் அதை மூக்கால் அறிந்தவர்.

ஹோல்ம்பெக் கடைத்தெருவில்
ரொட்டிக்கடைக்கும் வங்கிக்கும் நடுவே
அவருடைய உலர்சலவைக் கடை,
தண்ணீர் படாமல் துணி வெளுத்த இடம்.
"பெர்க் என்றுதான் கூப்பிடுவோம்" என்கிறார்
வீட்டு நாயைச் சொல்வதுபோல.

என் திடப்படுத்தல் ஆராதனைக்கு முந்தின நாள்
வெள்ளைக் கவுனில் பீட்ரூட் ஊறுகாயைக் கொட்டிக்கொண்டேன்.
அம்மா அதைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.
மாலையில் திரும்பி வந்தது,
சீட்டு எண் 212 ஊசியில் குத்தியிருக்க.
அந்த இனிப்பு வாசனையோடுதான்
மறுநாள் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

படிவத்தில் பதினோராவது கேள்வி:
இயந்திரத்தில் தங்கிய கசடை எங்கே போட்டீர்கள்?

எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்குகிறார்,
கடை இங்கிருந்து தெரியாது என்றாலும்.
"பின்புறம், ஜல்லியில்.
வெயில் நாளாகப் பார்த்து ஊற்று, காற்றோடு போய்விடும் என்று
விற்ற கம்பெனியின் தாளிலேயே போட்டிருந்தது.
மறுநாள் போய்ப் பார்ப்பேன்.
ஒரு கறை இருக்காது."
கறை எடுப்பவரின் பெருமை
இன்னும் கொஞ்சம் அந்தக் குரலில் ஒட்டியிருக்கிறது.

காற்றோடு போகவில்லை.
அது தண்ணீரைவிடக் கனம்.
மணல் வழியே இறங்கி,
நிலத்தடி நீருக்குள்ளும் மூழ்கி,
களிமண் படுகையின் குழிகளில் குந்திக்கொண்டு,
அங்கிருந்து துளித்துளியாகக் கரைந்து
வருடத்துக்கு முப்பது மீட்டர் நடந்து
ஊரின் மூன்றாம் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது.
நீர்மேல் எழுத்து அழியலாம்.
இது நீருக்குள் எழுதியது.

இந்த நாட்டில் நாங்கள் தண்ணீரில் குளோரின் போடுவதில்லை.
பூமி கொடுப்பதை அப்படியே குடிக்கிறோம் என்று
விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வோம்.
ஆமாம்,
கொடுப்பதை அப்படியே.

கிணற்றை மூடிய இரவு
நகராட்சிக் கூட்டத்தில் டோர்தெ லின்னெமான் கத்தினாள்,
மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்லி.
அடுத்த வாரம் இந்த வீட்டுச் சுவரில் யாரோ கறுப்பு மையில் எழுதினார்கள்.
அவரே கழுவிவிட்டார்,
சோப்பும் வெந்நீரும் போட்டு. முழுதாகப் போகவில்லை.

கூடத்தில் ஒரு நீண்ட கம்பி.
பிளாஸ்டிக் உறைக்குள் பதினேழு உடைகள்,
கடை மூடிய நாள்வரை யாரும் வாங்க வராதவை.
தபால்காரரின் கோட்டு,
ஒற்றைப் பொத்தான் இல்லாத ஒரு பச்சைப் பாவாடை,
முழ நீளத்தில் ஒரு ஞானஸ்நான அங்கி.
சீட்டுகள் அப்படியே இருக்கின்றன.
"வருவார்கள்" என்கிறார்.
"நான் எதையும் தூக்கிப் போட்டதில்லை."
சொல்லி முடித்ததும்
தான் சொன்னது தன் காதில் விழ,
அங்கியின் உறையை வெறுமனே நீவிவிடுகிறார்.

மூன்றாவது குப்பியில் குமிழி இல்லை.
எண், தேதி, மணி, என் கையெழுத்து.
பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறேன்.

அதற்குள் காப்பி போட்டுவிட்டார்,
அதே குழாயில் பிடித்த நீரில்.
என் கண் கோப்பையில் நிற்பதைப் பார்த்து,
"கொதித்தால் கொஞ்சம் போய்விடும்" என்கிறார்,
"காற்றோடு."

நான் பாலை ஊற்றுகிறேன்.
கலக்கிக்கொண்டே இருக்கிறேன்.